ஒன்பதாம் அறைக்கு வரவேண்டிய கப்பல்

ரங்கூன், பபேடான்
3 பிப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி பல்கீஸுக்கு, நானா சுலைமான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் மச்சான் முஜிபுர் ரஹ்மானும் சுகமாயிருக்க துஆ கேட்கிறேன்.

போனில் பேசினால் நீ அழுகிறாய், அல்லது லைன் போகிறது. எது முந்துகிறது என்பதில்தான் வித்தியாசம். அதனால் மாதாமாதம் சேலை எடுக்கச் சென்னை வரும் அப்துல் சமதிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நல்ல செய்தி. நம் கப்பல் லாட்ஜை வாங்க ஆள் வந்திருக்கிறது. ஏதோ ஹோட்டல் கம்பெனி. முகப்பை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிடுவார்களாம். அவர்கள் ஏஜெண்டு கோ ஸின் மின் மரியாதையான பையன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சுவரைத் தட்டிப் பார்த்தான். இரண்டே நிபந்தனைகள். கட்டடம் காலியாக இருக்க வேண்டும். அதன் வரலாறு வண்ணமயமாக இருக்க வேண்டும். வரவேற்பறைச் சுவரில் எழுதுவார்களாம். வரலாற்றுக்கு நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். காலி செய்வதில்தான் சிக்கல். ஒன்பதாம் அறையில் ஜெயம்மாக்கா இருக்கிறார்.

மாடிப்படி முகப்பில் பாட்டனார் பதித்த சலவைக்கல்லை நீ மறந்திருக்கலாம். கல்யாணமாகி நீ அங்கே போய் நாற்பது வருஷம். எழுதித் தருகிறேன்: “கப்பலுக்குக் காத்திருக்கும் பயணி கப்பல் வரும்வரை இங்கே தங்கலாம். கப்பல் வராத பயணியை வெளியேற்றுகிறவன் எனக்கு வாரிசல்ல.” இதே வாசகத்தை உயிலிலும் எழுதிவைத்தார். அப்போது மதராஸ் கப்பல் வாரம் ஒன்று வந்தது. அவருடைய தாராளத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஜெயம்மாக்கா 1965இல், பதினைந்து வயதில், பெகுவிலிருந்து தகப்பனாரோடு வந்தார். கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு நம்மாட்களைக் கப்பல் கப்பலாக அனுப்பிய நேரம். தகப்பனார் ஒவ்வொரு கப்பலையும் அடுத்தது பார்க்கலாம் என்று விட்டார். பிறகு அவரும் காலமானார், கப்பலும் நின்றது. மகள் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கவுண்டரில் சேர்ந்து, ஓய்வும் பெற்று, இன்னும் காத்திருக்கிறார். வெளியேற்றினால் நாம் வாரிசல்ல, விற்க முடியாது. வெளியேற்றாவிட்டால் வாங்க மாட்டார்கள். நம் வக்கீல் படித்துவிட்டு, “அழகான வாக்கியம்” என்றார்.

மற்றபடி ஒரு குறையுமில்லை.

துஆவுடன்,
நானா


சென்னை, மண்ணடி
17 பிப்ரவரி 2025

அன்புள்ள நானாவுக்கு, பல்கீஸ் எழுதிக்கொண்டது. வ அலைக்கும் ஸலாம். நாங்கள் சுகம்.

ஒரு குறையுமில்லை என்று எழுதியிருக்கிறாய். கரண்ட் வருவதே சில மணி நேரம்தான் என்றும், மோட்டார் ஓடாத நாளில் நீயே மூன்றாம் மாடிக்கு வாளியில் தண்ணீர் தூக்குகிறாய் என்றும் அப்துல் சமது சொன்னார். ஃபஹீமா மச்சி உன்னைத் தனியாக விட்டு மவுத்தாகி இரண்டு வருஷமாகிறது. அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்? மேல்மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டு, இரண்டு நோன்பு மாதம் போய்விட்டது. விற்கிற பணத்தில் எனக்கு எதுவும் வேண்டாம். நீ வந்தால் போதும்.

ஜெயம்மாக்காவுக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடு. சென்னையில் நான் இறக்கிக்கொள்கிறேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு வக்கீல் எதற்கு?

கண் டாக்டரைப் பார்த்தாயா? வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று போன வருஷமே சொன்னார்களே. பதில் எழுது.

உன் தங்கச்சி,
பல்கீஸ்


ரங்கூன்
11 மார்ச் 2025

அன்புத் தங்கச்சிக்கு, ஸலாம். நோன்பு நல்லபடி போகிறது. கஞ்சி சுமார்.

நீ சொன்னபடி ஒன்பதாம் அறைக்குப் போனேன். யார் தட்டினாலும் ஜெயம்மாக்கா கதவைத் திறப்பதில்லை. கதவில் ஒரு சின்னப் பலகணி போட்டுவைத்திருக்கிறார். உலகத்தோடு அதன் வழியாகத்தான் பேச்சு. கவுண்டர் பழக்கம்.

“அக்கா, மெட்ராசுக்கு ப்ளேன் டிக்கெட் எடுத்துத் தர்றேன்” என்றேன்.

“போயிட்டு வர்றதுக்கா, போறதுக்கா?”

“போறதுக்கு.”

“கல்லுல ப்ளேன்னா எழுதியிருக்கு?”

“பாட்டனார் காலத்துல ப்ளேன் ஏதுக்கா?”

“அது அவரு தப்பா, எந் தப்பா? கவுண்டர் சாத்தியாச்சு. வேலையப் பாரு தம்பி.”

பலகணி மூடிக்கொண்டது. நான் கீழே வருவதற்குள் மணி அடித்தது. இந்தத் தெருவில் எல்லா மாடியிலிருந்தும் கயிறு தொங்குமே, நுனியில் கிளிப்பு, மேலே மணி? இவர் மட்டும் தலைகீழாகக் கட்டிவைத்திருக்கிறார். அவர் மேலே இழுத்தால் கீழே என் மேஜையருகில் மணி அடிக்கும். டீ கேட்கிறார் என்று அர்த்தம். வாங்கிக் கிளிப்பில் மாட்டினேன்.

வரலாறும் முன்னேறவில்லை. நான் உண்மையை எழுதிக் கொடுத்தேன். ஊர்வாயில் கப்பல் லாட்ஜ் என்றாலும் பதிவில் பெயர் ஹார்பர் வியூ என்பதையும், எதிரே கட்டடம் எழும்பும்வரை மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பாய்மர நுனி தெரிந்தது என்பதையும் எழுதினேன். யுத்தத்தில் ஒரு ஜப்பானிய அதிகாரி முதல் மாடியைக் கைப்பற்றி, தோற்றுப் போகும்போது குளியல் தொட்டியை மட்டும் எடுத்துப்போனார். பிறகு லாட்ஜையும் அரசுடைமையாக்க ஒரு குழு வந்தது, கக்கூஸைப் பார்த்தது, மக்களிடமே இருக்கட்டும் என்று திரும்பிவிட்டது. மொகல் தெருவில் மல்யுத்தம் நடத்த வந்த பயில்வான் ஒருவர் எட்டாவது படியை உடைத்தார். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

கோ ஸின் மின் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான், மரியாதைக்கு ‘ஊ’ போட மட்டும் மறக்கவில்லை. “ஊ சுலைமான், ஒரு கவிஞர்கூடத் தங்கலையா? உளவாளி? பேயாவது?”

“ஜெயம்மாக்கா இருக்கார்” என்றேன்.

“செத்தவங்க வேணும்.”

எல்லாவற்றுக்கும் பொறுமை வேண்டும் என்றேன்.

நானா


சென்னை
2 ஏப்ரல் 2025

நானாவுக்கு, ஸலாம்.

பூகம்பம் நடந்து மூன்று நாள் நீ போனை எடுக்கவில்லை. மாண்டலேயில் மசூதிகள் இடிந்து கிடப்பதை டிவியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். பெருநாளன்று இந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நான்காம் நாள் எடுத்து, “சார்ஜ் இல்ல புள்ள” என்கிறாய். இதை நான் மன்னிக்கப் போவதில்லை. உன் கடிதத்தில் பயில்வான் உடைத்த படி இருக்கிறது, ஜப்பான்காரன் எடுத்துப்போன தொட்டி இருக்கிறது. உன் கண் இல்லை.

ஜெயம்மாக்காவுக்குக் கப்பல்தான் வேண்டுமென்றால் கப்பலே வரும். உன் மச்சான் முப்பது வருஷம் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சியில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ரங்கூனில் உளுந்து ஏற்ற இங்கிருந்து சரக்குக் கப்பல்கள் போகின்றன. நாங்கள் சாப்பிடும் இட்லியில் பாதி உங்கள் ஊர்தான். ஒரு முதலாளியிடம் பேசியாகிவிட்டது. ஒரு பயணியை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். மற்றக் காகிதங்களை மச்சான் பார்த்துக்கொள்வார்.

பல்கீஸ்


ரங்கூன்
23 ஏப்ரல் 2025

அன்புத் தங்கச்சிக்கு, ஸலாம். தண்ணீர்த் திருவிழா வந்து போனது. நான் நனையவில்லை. கட்டடத்தில் ஒரே ஒரு விரிசல், படிக்கட்டுச் சுவரில். சலவைக்கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கப்பல் யோசனை நல்ல யோசனை. அதில் சில நடைமுறைச் சங்கடங்கள் உண்டு. ஜெயம்மாக்காவுக்கு எழுபத்தைந்து வயது. சரக்குக் கப்பலில் ஏணி செங்குத்தாக இருக்கும். உளுந்து தூசு மூச்சுக்கு ஆகாது. மழைக்காலம் தொடங்கப் போகிறது, வங்காள விரிகுடா நல்ல பேர் எடுத்த கடல் அல்ல. பாட்டனார் “கப்பல்” என்று எழுதியபோது பயணிகள் கப்பலைத்தான் நினைத்திருப்பார் என்று வக்கீலும் கருதுகிறார். மச்சானுக்கு வீண் சிரமம் வேண்டாம். முதலாளிக்கு என் நன்றியைச் சொல்லி, இன்னொரு வருஷம் பார்க்கலாம் என்று சொல்.

கோ ஸின் மின் தானே வரலாற்றை எழுதிக்கொண்டு வந்தான். அதன்படி நம் லாட்ஜில் ஒரு ரஷ்யச் சீமாட்டி வைரத்தோடு தங்கினாள். எந்த அறையில் என்று கேட்டேன். ஒன்பதில் என்றான். ஒன்பதில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சீமாட்டி நுழைய இடமில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நானா


சென்னை
5 மே 2025

நானாவுக்கு, ஸலாம்.

கப்பலின் பெயர் நீலவேணி. இந்த மாதக் கடைசியில் உங்கள் துறைக்கு வரும். ஏணிக்கு நாலு பேர் நிற்பார்கள். உளுந்து மூட்டையில் இருக்கும், காற்றில் இருக்காது. பெட்டியைக் கட்டச் சொல்.

கண் டாக்டர்?

பல்கீஸ்


ரங்கூன்
30 மே 2025

அன்புத் தங்கச்சிக்கு, ஸலாம்.

ஜெயம்மாக்கா போய்விட்டார்.

கப்பல் வந்த செய்தியைப் பலகணி வழியாகச் சொன்னேன். பிறகு, அவர் ஓய்வு பெற்றதிலிருந்து நான் பார்க்காத ஒன்று நடந்தது, ஆள் நிற்கும்போதே கதவு திறந்தது. பெட்டி கட்டியே இருந்தது. பாஸ்போர்ட்டும் பையில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

“நெசமாவே கப்பலா?” என்றார்.

“உளுந்துக் கப்பல்க்கா. வேணாம்னா சொல்லிருங்க. நான் எழுதிப் போட்டுர்றேன்.”

“உளுந்தோ உப்போ, மெதக்குதுல்ல? டாக்சியக் கூப்பிடு தம்பி.”

துறைமுகத்தில் ஏணியில் பாதி ஏறித் திரும்பிப் பார்த்தார். “மணிக் கயித்த அவுத்து வைய்யி. மழையில நைஞ்சி போயிரும்” என்றார். அவ்வளவுதான். இத்தனை வருஷம் கதவைத் திறக்காதவர் ஏணியில் அவ்வளவு வேகமாக ஏறியிருக்க வேண்டாம்.

கோ ஸின் மின்னுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த மாதம் கையெழுத்து என்கிறான். இன்ஷா அல்லாஹ் என்றேன். அதை அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.

நானா


சென்னை
18 ஜூன் 2025

நானாவுக்கு, ஸலாம்.

ஜெயம்மாக்கா நல்லபடி வந்து சேர்ந்தார். ஊரில் அவருடைய சித்தப்பா மகள் வீடு தயாராகும்வரை மேல்மாடியில், உனக்காகப் போட்ட கட்டிலில் படுத்திருக்கிறார். முதல் நாள் அவரிடம், “எங்க நானாவ இவ்வளவு நாள் அலைக்கழிச்சுட்டீங்களேக்கா” என்று சொல்லிவிட்டேன். வாய் தவறித்தான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“நானா அலைக்கழிச்சேன்? ஆறு வருசத்துக்கு முந்தியே பாஸ்போர்ட் எடுத்துட்டேன் புள்ள, சித்தப்பா மகளோட போயி இருந்துரலாம்னு. ஒங்க நானாதான் ஒடஞ்ச எட்டாவது படிகிட்ட நின்னு, ‘அக்கா, நீங்க போயிட்டா எல்லாரும் என்னைய லாட்ஜ விக்கச் சொல்லுவாங்க, கொஞ்சம் பொறுத்துப் போங்க’ன்னாரு. பொறுத்தேன். ‘கல்லுல ப்ளேன்னா எழுதியிருக்கு’ன்னு கேக்கச் சொல்லிக் குடுத்ததும் அவருதான். ரெண்டு தடவ ஒத்திகை பாத்தோம்.”

“அப்ப எதுக்குக்கா கப்பல்ல ஏறுனீங்க?”

“கப்பலே வந்துருச்சே. அதுக்கு என்ன சொல்லணும்னு அவரு சொல்லிக் குடுக்கல.”

நானா, உன் மச்சான் ஒரு கப்பலையே திருப்பிவிட்டார். முதலாளியின் காலில் மட்டும்தான் விழவில்லை. நீ என்னிடம் நேராக, வர மாட்டேன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நேற்று கோ ஸின் மின் என்னை போனில் கூப்பிட்டான். ஒன்பதாம் அறை மறுபடியும் உள்ளே தாழ் போட்டிருக்கிறதாம். யார் இருப்பது என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். உனக்குத் தெரியுமா?

பல்கீஸ்


ரங்கூன், கப்பல் லாட்ஜ், ஒன்பதாம் அறை
6 ஜூலை 2025

அன்புத் தங்கச்சிக்கு, ஸலாம். நான் சுகம். அறை சின்னது என்றாலும் காற்று வருகிறது.

கோ ஸின் மின் பலகணி அருகே வந்து, “ஊ சுலைமான், நீங்க ஓனர். நீங்க எப்படி இங்க?” என்றான். கப்பலுக்குக் காத்திருக்கும் பயணி என்றேன். கல்லைப் போய்ப் படித்துவிட்டு வந்தான். வக்கீலிடம் கேட்கப் போயிருக்கிறான். வக்கீல் அழகான வாக்கியம் என்று சொல்லியிருப்பார்.

நீ கோபமாக இருப்பது தெரிகிறது. நியாயம்தான். நேராக எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். உன் வீட்டில் எனக்கு அறை இருக்கிறது, கட்டில் இருக்கிறது, மூன்று வேளைச் சோறு வரும். நேரத்துக்கு வரும். நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க என்று உன் மருமகள் சொல்வாள். போதும்மா என்று நான் சொல்ல வேண்டும். பாட்டனார் காலத்திலிருந்து நம் வீட்டு ஆண்கள் அந்த வசனத்தை மறுபக்கத்திலிருந்துதான் பேசியிருக்கிறோம். யார் வந்தாலும் சாவி நம் கையிலிருந்துதான் போகும். இன்னொருவர் சாவியை வாங்கிக்கொண்டு மாடியேற எனக்குத் தெரியாது. இந்த வயதில் கற்றுக்கொள்ளும் வேலையும் அல்ல.

கயிற்றை அவிழ்த்து உள்ளே வைத்துவிட்டேன். இப்போது கீழே மணி அடிப்பதில்லை. அடித்தாலும் கேட்க அங்கே ஆள் கிடையாது, நான்தான் மேலே இருக்கிறேனே. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

நானா


சென்னை
28 ஜூலை 2025

நானாவுக்கு, ஸலாம். நாங்கள் சுகமில்லை.

சித்தப்பா மகள் மகனோடு துபாய் போய்விட்டாளாம். ஜெயம்மாக்கா மேல்மாடியிலேயே இருக்கிறார். விடிவதற்குள், சுபுஹு பாங்குக்கு முன்பே மணி அடிக்கிறது. ஆமாம், மணி. மாடியிலிருந்து என் அடுப்படிவரை கயிறு விட்டிருக்கிறார். காபி கொடுத்தால் டீ எங்கே என்கிறார். டீ கொடுத்தால் இதற்குப் பெயர் டீயா என்கிறார். பாலைக் குறை, சாயத்தைக் கூட்டு, டின்பால் எங்கே, தம்பி இப்படியா போடுவார் என்று பாடம் நடக்கிறது. கதவில் பலகணி போட ஆசாரியைக் கூப்பிட்டுவிட்டார். தெருப்பக்கமும் ஒரு கயிறு தொங்கவிட்டிருக்கிறார்; அதைப் பிடித்து இழுக்கச் சொல்கிறார் என்று கீரைக்காரர், பாவம், மசூதியில் போய்ச் சொல்லியிருக்கிறார். உன் மச்சான் பேசிப்பார்க்கிறேன் என்று போனார். கவுண்டர் சாத்தியாச்சு என்று பதில் வந்தது.

மெதுவாக, வேறு இடம் பார்க்கலாமா என்று கேட்டேன்.

“எனக்குத் திரும்பிப் போற கப்பல் வந்துருச்சா புள்ள?” என்றார்.

நானும் பாட்டனாரின் பேத்திதான். வெளியேற்றினால் நானும் வாரிசல்ல. ஆகவே, நானா, நீ விருந்தாளியாக வர வேண்டாம். உனக்கு இங்கே சோறும் கிடையாது, கட்டிலும் கிடையாது. கட்டிலில் ஆள் இருக்கிறது. வாசலை ஒட்டிய அறையில் ஒரு மேஜை போட்டிருக்கிறேன். மணிக் கயிற்றை அங்கே மாற்றிக்கொள்ளலாம். மேல்மாடிச் சாவியும் அந்த மேஜையில்தான் கிடக்கிறது. உன் லாட்ஜின் பயணி, உன் பொறுப்பு. நீலவேணி செப்டம்பரில் மறுபடி உளுந்துக்கு வருகிறது.

இதில் எது நான் எழுதியது, எது ஜெயம்மாக்கா சொல்லிக் கொடுத்தது என்று கேட்காதே. நீ கேட்கக் கூடாது.

பல்கீஸ்


ரங்கூன்
24 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கச்சிக்கு, ஸலாம்.

பாலை முதலில் ஊற்றக் கூடாது. சாயத்தைத் தனியாக நெடுநேரம் கொதிக்கவிட்டு, டின்பால் கோப்பையின் அடியில், அதன்மேல் சாயம், கடைசியில் ஒரு கரண்டி ஏடு. பலகணிக்கு ஆசாரி அளவெடுத்திருந்தால் நிறுத்து. அவருடைய கண்மட்டத்துக்கு ஒரு சாண் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கழுத்து வலிக்கிறது என்று அதற்கும் மணி அடிப்பார். கயிறு தெருப்பக்கம் வேண்டவே வேண்டாம். நான் வரும்வரை எதையும் மாற்றாதே.

கோ ஸின் மின்னைக் கூப்பிட்டு, ஒன்பதாம் அறை காலி என்று சொன்னேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. உள்ளே வந்து கட்டிலுக்கடியிலும் பார்த்தான். வரலாற்றில் ஒரு பேய் கேட்டாயே, எழுதிக்கொள் என்றேன்: ஒன்பதாம் அறையில் ஒரு கிழவர், கீழே மணி அடித்தால் டீ வாங்க இறங்குவார், எட்டாவது படியில் மட்டும் கால் வைக்க மாட்டார். பையன் கண்கலங்கிவிட்டான். ரஷ்யச் சீமாட்டியை எடுத்துவிடுகிறானாம்.

சலவைக்கல்லைப் பெயர்க்க ஆள் சொல்லியிருக்கிறேன். முகப்பை அப்படியே வைத்துக்கொள்வதுதான் ஒப்பந்தம் என்று கம்பெனி ஆட்சேபிக்கிறது. கல் முகப்பல்ல, உள்ளே இருப்பது என்று வாதாடி ஜெயித்தேன். இந்த விவகாரத்தில் நான் ஜெயித்தது அது ஒன்றுதான். கப்பலில் எனக்கு ஒரு கட்டில், கல்லுக்கு உளுந்து மூட்டைகளின் மேல் ஓர் இடம். மச்சானிடம் சொல், நாலு பேர் தூக்க வேண்டியிருக்கும்.

கண் டாக்டரைப் பற்றி ஏதோ கேட்டிருந்தாய் என்று ஞாபகம். மண்ணடியில் நல்லவர் யார் என்று விசாரித்து வை.

அதுவரை மணி அடித்தால் யாராவது கீழேயிருந்து “இதோ” என்று குரல் கொடுங்கள். டீ தாமதமானால் பரவாயில்லை. அவருக்கு அந்தக் குரல் கேட்டால் போதும்.

துஆவுடன்,
நானா